எலிக்குப் பலித்தது போதாது

ஏ.எல்.எஸ். நோய் பலருக்குக் கையில்தான் தொடங்குகிறது. சட்டைப் பொத்தான் போட வராது, சோறு பிசைய விரல் மடங்காது. போகப்போக விழுங்கவும் மூச்சுவிடவும் திணறல். மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் செத்துக்கொண்டே வருவதுதான் காரணம். செத்த செல்லை மீட்க மருந்தில்லை. மிஞ்சியிருப்பவற்றைக் காக்கும் என்று சொல்லப்படும் மருந்துகளை எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கு, நோயாளிகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் இச்சங்கம் தன் நிலைப்பாட்டைத் தெரிவிக்கிறது.

ரிலுசோல் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நரம்புச் செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் அளவு மீறினால் செல்லையே கொல்லும். அது வெளிப்படுவதை இம்மருந்து குறைக்கிறது. சோதனைகளில் தெரிந்த பலன், சராசரியாக இரண்டு மூன்று மாத ஆயுள். அந்த மாதங்களின் அருமை குடும்பங்களுக்குத் தெரியும். ஆனாலும் கணக்கை மறைக்காமல் சொல்லியே மாத்திரையைத் தர வேண்டும்.

மினோசைக்ளின் கதை வேறு. முகப்பருவுக்குக் கொடுக்கும் பழைய ஆன்டிபயாட்டிக் அது. எலிகளின் ஆயுளை நீட்டியது, விலையும் மலிவு. சோதிக்காமலே எழுதிக்கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் 412 நோயாளிகளிடம் சோதித்து 2007இல் முடிவு வெளியானது: மருந்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 25 சதவீதம் வேகமாக நலிந்திருந்தார்கள். ஒப்பிட அந்த இன்னொரு குழு இல்லாதிருந்தால், நோய்தான் முற்றுகிறது என்று எண்ணி மருந்தைத் தொடர்ந்திருப்பார்கள்.

அதற்காகச் சோதனைகள் எல்லாம் முடியட்டும் என்று நோயாளியைக் காக்கவைப்பதும் கொடுமை. பலருக்கு அத்தனை காலம் இல்லை. எனவே முன்கூட்டிய அனுமதியைச் சங்கம் எதிர்க்கவில்லை, நிபந்தனைகளோடு ஆதரிக்கிறது. எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ள சிறு பிரிவினருக்கான டோஃபெர்சென் 2023இல் அமெரிக்காவில் அப்படித்தான் வந்தது. 28 வார முதன்மைச் சோதனையில் உடல் இயக்கத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதம் கணிசமாகக் குறைந்தது. இதை ஒரு நல்ல தடயமாக ஏற்கலாம், முடிவான சான்றாக அல்ல.

ரெலிவ்ரியோ என்ற இன்னொரு ஏ.எல்.எஸ். மருந்து 137 பேரின் சோதனையை முக்கிய ஆதாரமாகக் கொண்டு 2022இல் அனுமதி பெற்றது. ஆண்டுக்கு 1,58,000 டாலர் விலை வைக்கப்பட்டிருந்தது. 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் 2024இல் தோற்றது; நிறுவனமே சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அது நேர்மையான செயல். ஆனால் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பி இதை விடக்கூடாது.

முன்கூட்டி அனுமதிக்கும் அரசு, உறுதிச் சோதனைக்குக் கெடு விதிக்க வேண்டும். மருந்து தோற்றால் அனுமதி தானாகவே காலாவதியாக வேண்டும். அதுவரை முழு விலையை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது. ஒப்புதல் படிவத்தில் எதிர்பார்க்கும் பலன், பக்கவிளைவு, செலவு மூன்றும் நோயாளி பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும்.