பட்டை என்றால் எந்தப் பட்டை?

‘பட்டை, லவங்கம்’ என்று சேர்த்துச் சொல்லி வாங்குவது நம் மளிகைக் கடைகளில் பழகிப்போன வழக்கம். இதில் லவங்கம் என்பது கிராம்பு. வடநாட்டார் சொல்லும் ‘லவுங்’, ஆந்திரத்தார் சொல்லும் ‘லவங்கம்’ இரண்டும் கிராம்பையே குறிக்கும். நாமோ பட்டைக்கும் ‘லவங்கப்பட்டை’ என்று பெயர் வைத்துவிட்டோம். கிராம்பு ஒரு மரத்தின் மொட்டு. பட்டை வேறொரு மரத்தின் தோல். பட்டை வேண்டி, வெளிமாநிலத்திற்கு ‘லவங்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எந்தச் சரக்கு வந்து இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் பட்டைக்குள்ளேயே இருக்கிறது. இலங்கைப் பட்டை ஒன்று; அங்குள்ள தமிழர் அதைக் ‘கறுவா’ என்பர். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா வகை இன்னொன்று. ‘தால்சினி’ என்ற இந்திச் சொல் ‘தார் சீனி’ என்ற பாரசீகச் சொல்லின் திரிபு; ‘சீன மரம்’ என்று பொருள். ஆனால், 2011-ஆம் ஆண்டின் உணவுத் தர விதிகள் இலங்கை வகையைத் ‘தால்சினி’ என்றும், காசியாவைத் ‘தாஜ்’ என்றும் தனித்தனியே பிரித்துள்ளன. பெயர் சீனத்தைச் சொல்ல, சட்டம் சிலோனைச் சொல்கிறது!

சரக்கைப் பிரித்தறிவது கடினமன்று. இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லியது. பல அடுக்காகச் சுருண்டு, கையால் ஒடித்தால் நொறுங்கும். காசியா தடிப்பானது, கெட்டியானது, காரம் கூடியது. தூளாக்கிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

‘வாடிக்கையாளர் பட்டை என்றுதான் கேட்கிறார், நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கலாம். இலங்கைச் சரக்கின் விலை பல மடங்கு அதிகம். அந்தப் பெயரைச் சொல்லி மற்றதைக் கொடுத்தால் அது வியாபாரமாகாது. மேலும், காசியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகம். பிரியாணிக்கு ஒரு துண்டு போடுவதால் கெடுதல் இல்லை. மருந்தென்று நம்பித் தினமும் தூளைச் சாப்பிடுவோரில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கக்கூடும்.

காசியா மட்டமான சரக்கன்று. மசாலாவுக்கு அதுவே பொருத்தம் என்பாரும் உண்டு. அதை அதன் பெயரிலேயே விற்போம். மொத்த வியாபாரிகளாகிய நாம் பில்லிலும் மூட்டையிலும் ‘சிலோன் பட்டை’, ‘காசியா பட்டை’ என்று தெளிவாக எழுத வேண்டும். சில்லறை வியாபாரிகளும் அப்படியே கேட்டு வாங்க வேண்டும். பெயர் சுத்தமாக இருந்தால்தான் சரக்குக்கும் மதிப்பு, கடைக்கும் மதிப்பு.