ஒளித்து வைத்த கண்ணாடி

சென்ற மாதம் புவனகிரியில் எங்கள் உறவினர் இல்லத்தில் ஒரு நிக்காஹ். விருந்து முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்த நேரம். கல்லூரியில் பயிலும் என் தங்கை மகள், முகத்தில் பாதியை மறைக்கும் அளவுக்குப் பெரியதொரு வட்டக் கண்ணாடியுடன் எதிரே வந்து அமர்ந்தாள். எனக்கு மனம் பதறிவிட்டது.

"என்னம்மா, கண்ணுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை மாமு. இதில் பவரே கிடையாது. இப்போது இதுதான் அழகு" என்று சிரித்தாள்.

அருகிலிருந்த என் மூத்த அக்கா அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கள் காலத்தில் இதை ஒளித்து வைத்தார்கள், இவளோ காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறாள்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கதையை நான் அறிவேன்.

அக்காவுக்குச் சிறு வயதிலேயே கிட்டப்பார்வை. 1974-இல் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். "கண்ணாடி போட்ட பெண் என்றால் யார் எடுப்பார்கள்?" என்று சொல்லி, உம்மா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாமியாராக வரப்போகிறவரின் முகம் அன்று அக்காவுக்குப் புகைமூட்டமாகவே தெரிந்தது. மணமான பிறகும் கண்ணாடி பிறந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. எதிரே வரும் பெரியவர்களை அடையாளம் தெரியாமல் ஸலாம் சொல்லாது நடந்ததால், 'கர்வக்காரி' என்ற பெயர் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் மாதத்தில் உண்மை அறிந்த மாமியார், "கண்ணாடி போடுவது வெட்கம், கெட்ட பெயர் வாங்குவது வெட்கமில்லையா?" என்று கடிந்துகொண்டு, மகனுடன் கடலூருக்கு அனுப்பிப் புதுக் கண்ணாடி வாங்கச் செய்தார். அந்த அம்மையாரை இன்றளவும் அக்கா துஆவில் மறப்பதில்லை.

அந்நாளிலும் கண்ணாடியில் அழகு காணாதவர்கள் அல்லர் நம் மக்கள். ஊர் திரும்பும் சபராளிகள் சென்ட் புட்டியுடனும் கோடாலித் தைலத்துடனும் 'கூலிங் கிளாஸ்' கொண்டு வந்தார்கள். எம்.ஜி.ஆரும் கலைஞர் கருணாநிதியும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நம் நினைவுக்கு வருவதே இல்லை. மறைந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் துணைவியார் ஜாக்குலின் அணிந்த பெரிய கறுப்புக் கண்ணாடியை உலகமே பின்பற்றியது. நியூயார்க் நகரின் ஐரிஸ் அப்ஃபெல் என்ற மூதாட்டி, பெரிய வட்டக் கண்ணாடியையே தம் அடையாளமாக்கிக்கொண்டு, 2024-இல் தமது 102-ஆம் வயதில் மறையும் வரை அதை விடவில்லை. ஆக, வெயிலுக்கு அணிந்தால் கம்பீரம். பார்வைக்கு அணிந்தால் குறை என்றிருந்தது நம் கணக்கு. அதிலும் அந்தக் குறை பெண்ணுக்கு மட்டும்!

அறிவுக்குப் பொருந்தாத கணக்கு இது. பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்பதைத் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பிய அறிஞர்கள் விரும்பிப் பயின்றனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது. அறிவு தந்த அந்தத் துணையைத்தான் நாம் அலமாரியில் பூட்டி வைத்தோம்.

கண்ணாடி இவ்வளவு பெரிதானதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு லென்ஸ் உண்மையான கண்ணாடியால் ஆனது. பெரிதாகச் செய்தால் மூக்கு பாரம் தாங்காது. 1940-களில் சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக் வந்தது. அதன் எடை கண்ணாடியில் ஏறக்குறையப் பாதியே. அது பரவிய பிறகு 1970-களில் பெரிய பிரேம்கள் பெருகின. அன்றைய நாகரிகமே இன்று மீண்டும் வந்திருக்கிறது.

அழகுக்கு அணிவோர் அறிய வேண்டியவை சில உள்ளன. பவர் இல்லாத தெளிந்த கண்ணாடியால் கண்ணுக்குக் கேடில்லை. ஆனால் கிட்டப்பார்வை உள்ளவர்களின் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். பிரேம் பெரிதாகப் பெரிதாக ஓரத்தின் தடிப்பும் பாரமும் கூடும். பவர் அதிகமுள்ளவர்களுக்குச் சிறிய பிரேமே நலம். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக அமைய வேண்டும். இரு கருவிழிகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்காமல் செய்தால் தலைவலி வரக்கூடும். வெயிலுக்கான பெரிய கறுப்புக் கண்ணாடி பக்கவாட்டு வெயிலையும் தூசியையும் தடுப்பது உண்மைதான். ஆயினும் புற ஊதாக் கதிரைத் தடுக்காத மலிவுக் கண்ணாடி தீங்கானது. அதன் இருளில் கண்மணி விரிவதால், அக்கதிர் கூடுதலாக உள்ளே புகும். 'யு.வி.400' தரமுடையதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

மீண்டும் நிக்காஹ் வீட்டுக்கு வருவோம். தங்கையின் இளைய மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிப் பரிசோதனையில் கண்ணாடி தேவையென்று சொல்லியும், "கேலி செய்வார்கள்" என்று மூன்று மாதமாக அணிய மறுத்திருக்கிறாள். தங்கையும், "போட்டுப் பழகினால் கண் இன்னும் கெடும்" என்ற பேச்சை நம்பி விட்டுவிட்டாள். சரியான கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அந்தச் சிறுமியோ என் சொல்லைக் கேட்கவில்லை. அக்காளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "எனக்கும் இதைப் போலவே வட்டமாக வாங்கித் தருவீர்களா?" என்றாள்.

பத்து அறிவுரைகள் செய்யாததை ஒரு நாகரிகம் செய்துவிட்டது! எல்லா நாகரிகத்தையும் பழிக்கும் வழக்கமுடைய நான், அன்று வாயடைத்துப் போனேன்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கிறதா? தொலைக்காட்சியை நெருங்கி அமர்கிறதா? உடனே காட்டுங்கள். பள்ளி மாணவருக்குப் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் அளிக்க 2009-இல் நம் மாநிலத்தில் 'கண்ணொளி காப்போம் திட்டம்' தொடங்கப்பட்டது. இளம் வயதில் கவனிக்காமல் விட்டால், ஒரு கண் பார்வையில் பின்தங்கி, பிறகு கண்ணாடி அணிந்தும் தெளியாமல் போகலாம். பெண் பார்க்கச் செல்லும் தாய்மார்களே! கண்ணாடியுடன் ஒரு பெண் எதிரே வந்து நின்றால், அவள் உங்கள் முகத்தைத் தெளிவாகக் காண்கிறாள் என்று மகிழுங்கள்.

இனி எந்த வீட்டு அலமாரியிலும் ஒரு பெண்ணின் பார்வை பூட்டிக் கிடக்க வேண்டாம்.