டிம் பண்ணினால் குறைந்தா போய்விடுவோம்?

இரவு நேரம். தெருவிளக்கு இல்லாத இருவழிச் சாலை. எதிரெதிரே ஒரு காரும் லாரியும். இரண்டிலும் ஹை பீம்! "அவன் முதல்ல டிம் பண்ணட்டும்" என்று இரண்டு டிரைவர்களுமே நினைக்கிறார்கள். இந்த வீம்புக்குப் பலியாவது இவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாலையோரம் நடந்து போகும் மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம்.

காரணம் நம் கண்ணின் அமைப்பு. கூசும் ஒளி கண்ணுக்குள் சிதறி, காட்சியின் மேல் வெள்ளைத் திரை போட்டது போல ஆகிவிடுகிறது. கருப்புச் சட்டை போட்டவர் அந்தத் திரைக்குள் காணாமல் போய்விடுவார். வயதானவர்களுக்கும், கண்புரை உள்ளவர்களுக்கும் இது இன்னும் அதிகம். அழுக்குக் கண்ணாடியும், கீறல் விழுந்த ஹெல்மெட் வைசரும் தங்கள் பங்குக்கு ஒளியைச் சிதறடிக்கும்.

எதிர் வண்டி போன பிறகும் கண் உடனே தெளிவதில்லை. சில விநாடிகள் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 5 விநாடி என்று வைத்துக்கொண்டால் 110 மீட்டர்... அரைக்குருடாக ஓட்டுகிறோம்! வெளிச்சம் கொட்டும் டோல்கேட்டைத் தாண்டி இருட்டுக்குள் நுழையும்போதும் இதே கதைதான்.

நான்குவழிச் சாலைகளின் நடுவே வளர்க்கும் அரளிச் செடிகள் வெறும் அழகுக்கு அல்ல. எதிர் வெளிச்சத்தை மறைப்பதும் அவற்றின் வேலை. ஆனால் இருவழிச் சாலையில் அரளி கிடையாது. அங்கே டிம் சுவிட்ச் ஒன்றுதான் தடுப்பு. விளக்கொளி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. ஆனாலும் கடையில் கூடுதல் பவர் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். லாபம் மாட்டியவருக்கு, நஷ்டம் எதிரே வருபவருக்கு!

"ஹை பீம் இல்லாமல் இருட்டில் எப்படி ஓட்டுவது?" என்று கேட்பது நியாயம்தான். எதிரே யாரும் இல்லாதபோது தாராளமாகப் போடலாம். வண்டி தெரிந்ததும் டிம் பண்ணி, வேகத்தையும் குறைக்க வேண்டும். எதிராளி டிம் பண்ணாவிட்டால்? பதிலுக்கு ஹை பீம் அடித்தால் ஒரு குருடருக்குப் பதில் இரண்டு குருடர்கள். பார்வையை இடப்பக்கச் சாலைக்கோட்டில் வைத்து, மெதுவாகக் கடப்பதே புத்திசாலித்தனம்.

டிம் பண்ணக் காசு செலவில்லை. முதலில் பண்ணுபவர் தோற்பதும் இல்லை. சாலையோரம் நடந்து போகிறவர் வீடு போய்ச் சேருவார். அது போதாதா?