முழங்கை சொல்லும் பதம்

சகோதரிகளே, காசு செலவில்லாத ஒரு வைத்தியம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. வெந்நீர்தான்! "இதில் என்ன அதிசயம், எங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். எனக்குத் தெரிந்தது பாதிதான் என்று ஒரு மார்கழி மாதம் புரிய வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக இடுப்பு வலியோடும் கழுத்து வலியோடும் குடித்தனம் நடத்துகிறவள். சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. முறுக்கிக் கொண்ட தசை இளகுகிறது. வெந்நீர் வலியை அடக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

நாளெல்லாம் நின்று கால் கடுத்தால், அகலமான பேசினில் கணுக்கால் முங்கும் அளவு வெதுவெதுப்பான நீர் விட்டு, 10 முதல் 15 நிமிஷம் காலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கைப்பிடி கல் உப்பும் போடுவோம். போடாவிட்டாலும் குறைவில்லை, இதம் தருவது அந்த வெதுவெதுப்புதான்.

கழுத்து, இடுப்பு வலிக்குப் பழைய துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கலாம். மாதவிலக்கு நாட்களில் அடிவயிற்றில் ரப்பர் பை வைத்தால் சுகமாக இருக்கும். பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள். முக்கால் பைக்கு மேல் நிரப்பாமல், காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துணி சுற்றித்தான் வைக்க வேண்டும்.

மனசு அலுத்துத் தூக்கம் வராத நாளில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வெந்நீரில் குளித்து விடுங்கள். வெந்நீர் பட்டதும் கை கால்களுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு அவற்றின் வழியாக வெளியேறுகிறது; உடம்பு மெல்லத் தணியும்போது தூக்கம் வருகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து, 2019இல் இதையே சொன்னார்கள்.

சுளுக்கிய உடனே மட்டும் வெந்நீர் வேண்டாம். வீக்கம் கூடும். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம்தான் நல்லது.

இனி அந்த மார்கழிக் கதை. 2023ஆம் வருஷம். மாமியாருக்கு வயது 68. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. "கால் மரத்து மரத்துப் போவுதும்மா" என்றார். நானும் ஆசையாக வெந்நீர் விளாவி, கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கச் சொன்னேன். தோசைக் கல்லிலும் இட்லிப் பானையிலும் சூடு பழகிப்போன கை என்பதை யோசிக்கவில்லை.

"சூடே தெரியலையேம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஒரு செம்பு ஊற்றினேன். "ம்ஹூம், பத்தலை" என்றார். இன்னொரு செம்பும் ஊற்றினேன்.

மறுநாள் காலை பார்த்தால் இரண்டு பாதங்களிலும் எலுமிச்சம்பழம் போலக் கொப்புளம். ஆனால் அவர் முகத்தில் வலியே இல்லை! அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டாக்டரம்மா கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாள்பட்ட சர்க்கரை, கால் நரம்பைக் கெடுத்துடும்மா. சூடு இல்லாததால அவங்க பத்தலைன்னு சொல்லலை. சூடு தெரியாததாலதான் சொன்னாங்க."

புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. விரலுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று நான் அழாத நாளில்லை. மாமியாரோ, "நீ நல்லதுக்குத்தானே செஞ்சே" என்று என்னைத் தேற்றினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சகோதரிகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். வெந்நீரின் பதத்தை விரலால் பார்க்காதீர்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல் முழங்கையால் பாருங்கள். ஊற வைப்பவர் கேட்டார் என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்கும், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் காலை ஊற வைக்கவே வேண்டாம். தவறிச் சுட்டு விட்டால் பற்பசை, மாவு என்று எதையும் அப்பாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இப்போது தினமும் ராத்திரி அத்தையின் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, இடுக்கில் படாமல் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். அப்படியே அடிப்பாதத்தில் கீறல், கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்த்து விடுகிறேன். "என்னம்மா, தினம் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?" என்று சிரிக்கிறார்.

உங்கள் காலுக்குத் தெரியாததை என் கண்ணாவது பார்க்கட்டும் அத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.