கொழுந்தெடுத்த கைகளுக்கு நாற்காலி எப்போது?

வாளையாரிலிருந்து மூணாறு வரை, எல்லையோரத்தில் உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்களில் போராட்டம் என்று வந்தால் முதலில் வீதிக்கு வருபவர்கள் தாய்மார்கள். வேட்பாளர் பட்டியல் என்று வந்தால் காணாமற் போகிறவர்களும் அவர்களே. இந்த அநியாயத்தைக் குறித்து நாம் இனியும் வாய்மூடி இருக்கலாகாது.

பாலக்காட்டு எல்லையில் பிளாச்சிமடையைப் பாருங்கள். 2002இல் கோகோ கோலா ஆலை வாசலில் தண்ணீருக்காகப் பந்தல் போட்டு அமர்ந்தவர்களின் முன்வரிசையில் இருந்தவர் மயிலம்மா என்ற பழங்குடித் தாய். 2004இல் ஆலை ஓய்ந்தது.

இடுக்கி மலையைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம்தான் என்று கம்பெனி அறிவித்ததும், மூணாற்றில் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அருகே அண்டவிடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் பெற்றார்கள். அதுவே 'பெம்பிளை ஒருமை'. ஆனால் அடுத்த மாதம் 232 ரூபாய் தினக்கூலியை 301 ஆக்கிப் பேசி முடித்த மேசையில் அமர்ந்தவை பழைய சங்கங்களே. 500 ரூபாய் கேட்ட பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

அந்த நவம்பரில் போராட்டத் தலைவி கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்வானார். மகிழ்ந்தோம். ஆனால் 2016இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் நின்ற பெம்பிளை ஒருமை வேட்பாளருக்கு ஆயிரம் வாக்குகூடக் கிடைக்கவில்லை. பழியைக் கட்சிகள் மேல் மட்டும் போட்டுத் தப்பிவிட முடியுமா? வாக்குச்சீட்டு நம் கையிலும்தானே இருந்தது?

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2009இல் சட்டம் செய்த மாநிலம் கேரளம். அதே மாநிலத்தின் 140 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு 2021இல் வென்ற பெண்கள் 11 பேர். 2024 நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில் 20 தொகுதிகளில் ஒரு பெண்கூட வெல்லவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் நாற்காலி கிடைக்கிறது. கட்சியின் மனசாட்சிக்கு விட்ட இடத்தில் கிடைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு தரும் 2023ஆம் ஆண்டுச் சட்டமும், கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடியட்டும் என்ற நிபந்தனையோடுதான் நிறைவேறியது.

ஒருவரைப்போல் இருப்பது வேறு, அவருக்காகச் செயல்படுவது வேறு என்று அரசியல் அறிஞர் ஹன்னா பிட்கின் 1967இல் பிரித்துக் காட்டினார். உண்மைதான், பெண் என்பதாலேயே ஒருவர் நமக்காகப் பேசிவிடமாட்டார். ஆனால் அட்டைக்கடியும் கூடைச் சுமையும் அறிந்தவர் அவையில் ஒருவருமே இல்லையென்றால், அந்தப் பேச்சை அங்கே யார் தொடங்குவார்?

பெண்ணாக, தமிழராக, பலர் தாழ்த்தப்பட்டவராக, கூலியாக நான்கு பூட்டுப் போட்ட கதவின் முன் நம் தாய்மார்கள் நிற்கிறார்கள். முதற்பூட்டை நம் வீட்டிலேயே திறப்போம். நம் சங்கக் கூட்டத்திலும் பெண்கள் பின்வரிசைப் பாயில்தானே அமர்கிறார்கள்? அடுத்த கிளைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அன்று மாலை அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முன்வரிசையில் அடிவாங்கத் தகுதியுள்ளவருக்கு முன்வரிசையில் அமரவும் தகுதி உண்டு!