பத்துக் கிலோமீட்டர் கோடும் பொதுக் காற்றும்

அனல்மின் நிலையப் புகைக்கு வரம்பு விதித்து ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது 2015 டிசம்பர் 7 அன்று. அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே ஆண்டுகள். பின்னர் 2022, அதன்பின் மேலும் சில ஆண்டுகள் எனக் கெடு தள்ளிப்போயிற்று. ‘காலநீட்டிப்பு’ என்ற சொல்லை எத்தனை முறை தமிழாக்கினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. 2025 ஜூலை 11 அன்று அச்சொல்லுக்கும் வேலையற்றுப் போயிற்று. ஏறத்தாழ 78 விழுக்காடு மின் அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டது.

தேசியத் தலைநகர்ப் பகுதியோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரமோ 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் கருவி கட்டாயம். கடும் மாசுப் பகுதிகளுக்கும் காற்றுத்தர அளவை எட்டாத நகரங்களுக்கும் அருகில் இருந்தால் தனித்தனியே பரிசீலனை. மற்றவை 2029 இறுதிக்குள் புகைபோக்கியின் உயர விதியை நிறைவு செய்தால் போதும்.

உயர்ந்த புகைபோக்கி நஞ்சைக் குறைப்பதில்லை, தொலைவுக்கு அனுப்புகிறது. கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். அதற்கு 10 கிலோமீட்டர் கோடு தெரியாது. பாகாலாவில் வாழும் எங்களுக்கு முத்தனூர் அனல்மின் நிலையம் ராயலசீமையின் சொந்த உடைமை. அதைச் சுற்றிப் பத்து லட்சம் மக்கள் வாழும் நகரம் ஏதுமில்லை. அங்கு வாழும் உழவர்களின் நுரையீரல் மலிவானதா?

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கின்றனர். உண்மைதான். ஆனால் அதன் வெப்பத்திறனும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்க வேண்டிய அளவு கூடுதல்.

தொழில்நுட்பம் புதிதன்று. சுண்ணாம்புக்கல் குழம்பு கந்தக டை ஆக்சைடை ஈர்த்து ஜிப்சமாக்கும். வனேடியமும் டைட்டானியமும் கலந்த வினையூக்கியின் மீது 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில் அம்மோனியாவைச் செலுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரியும். நம் நிலக்கரியின் மிகுந்த சாம்பல் வினையூக்கியைத் தேய்க்கும், அடைக்கும் என்பது மெய்யான சிக்கலே. அதைத் தீர்க்கும் ஆய்வுக்குப் பொதுத்துறையைப் பணித்திருக்க வேண்டும். மாறாக, 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்ட அலகுகளுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, கனமீட்டருக்கு 300 மில்லிகிராமிலிருந்து 450 ஆக 2020இல் தளர்த்தப்பட்டது.

கருவி பொருத்தினால் மின்கட்டணம் உயரும் என அஞ்சவைக்கின்றனர். பொருத்தாவிட்டால் அச்செலவு மறைந்துவிடாது; மருத்துவமனைச் சீட்டாக ஏழையின் கைக்கு வரும். விலக்கைத் திரும்பப் பெறுக! கருவிக்கான செலவை மின்நுகர்வோர் தலையில் சுமத்தாமல் ஒன்றிய அரசும் இலாபமீட்டும் நிறுவனங்களும் ஏற்கட்டும்!