ஒரே கொடி
கட்சி தாவாமல் அரசியலில் காலம் தள்ள முடியாது என்பவர்கள் மகாராஷ்டிரத்தின் சாங்கோலாவைப் பார்க்கலாம். சோலாப்பூர் மாவட்டத்து வறண்ட தொகுதி. 1962இல் இங்கே முதன்முதலாக வென்ற கண்பத்ராவ் தேஷ்முக் 11 முறை எம்.எல்.ஏ.வாக இருந்தார். எல்லாம் உழவர் உழைப்பாளர் கட்சி என்ற சிறிய கட்சியின் சார்பில்தான். 1978இலும் 1999இலும் கூட்டணி அரசுகளில் அமைச்சரானபோதும் பெரிய கட்சி எதிலும் போய்ச் சேரவில்லை.

1995இல் காங்கிரஸின் சஹாஜிபாபு பாட்டீலிடம் சொற்ப ஓட்டுகளில் தோற்றார். 1999இல் பழைய கொடியோடே வந்து ஜெயித்தார். 2019இல் முதுமையால் அவர் ஒதுங்கிக்கொள்ள, தொகுதி மீண்டும் பாட்டீலுக்குப் போனது. ஆனால் இம்முறை பாட்டீல் சிவசேனாக்காரர்! 2022இல் ஏக்நாத் ஷிண்டேயோடு குவாஹாத்தி ஹோட்டலில் தங்கிய எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். அங்குள்ள மலையையும் மரங்களையும் அவர் போனில் வியந்தது நாட்டையே சிரிக்க வைத்தது. தேஷ்முக் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

2024 தேர்தலில் பாட்டீல் தோற்றார். வென்றவர், தாத்தாவின் கட்சியிலேயே நின்ற தேஷ்முக்கின் பேரன். வாரிசுக்கு விழுந்த ஓட்டுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தாத்தா விட்டுப்போன சொத்தில் அந்தக் கொடியும் சேர்த்தி.